தீப்பிடித்தால் கயிறு அவிழ்ப்பது யார்? தருமபுரிக் கொட்டாய்களுக்கும் ஊர் வீடுகளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பங்குனி மாதம், பாலக்கோட்டுக்கு மேற்கே என் மாமாவின் கொட்டாய், அதாவது நிலத்திலேயே கட்டிய வீடும் மாட்டுக் கொட்டகையும். சாயங்காலம் கொசுவுக்குப் போட்ட மூட்டம் அணையாமல் கிடந்து, ராத்திரி காற்றில் கிளம்பி ராகித் தாள் போருக்கு ஏறிவிட்டது. நாங்கள் ஓடிப்போனபோது கூரையில் ஒரு மூலைதான் எரிந்துகொண்டிருந்தது. நேரம் இருந்தது. ஆனால் நான்கு உருப்படியும் நைலான் கயிற்றில் கட்டியிருந்தன. நாளெல்லாம் மாடு இழுத்து இழுத்துக் கல்லாய்ப் போன முடிச்சு. மாமா பல்லால் கடித்துப் பார்த்தார். மூன்று மாடு வெளியே வந்தது. கன்று வரவில்லை. வெளியே வந்த தாய்மாடு கன்றின் குரலைக் கேட்டதும் திரும்ப உள்ளே ஓடியது. பின்னாலேயே ஓடப் பார்த்த மாமாவை ஆயாதான் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள்.

தீ என்றால் எல்லாரும் சிலிண்டரையும் ஒயரையும் பேசுவார்கள். அவற்றுக்கும் வருகிறேன். நான் கயிற்றிலிருந்துதான் தொடங்குவேன். காட்டு விலங்கு நெருப்பைக் கண்டால் ஓடும். நம் மாடும் ஆடும் நாயும் கோழியும் ஓட முடியாது, ஏனென்றால் கட்டி வைத்ததும் பூட்டி வைத்ததும் கவிழ்த்து வைத்ததும் நாம்தான்.

முதல் வேலை: ராத்திரி பத்து மணிக்கு ஒரு சுற்று

பகலில் பார்த்தால் எதுவும் தெரியாது. எல்லாரும் படுத்த பிறகு கையில் டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டையும் கொட்டகையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்த உயிர் எங்கே இருக்கிறது, அது வெளியே வர எத்தனை முடிச்சு, எத்தனை தாழ்ப்பாள், எத்தனை பூட்டு என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் எண்ணியபோது பதினேழு வந்தது. ஆட்டுப்பட்டிக்கு மட்டும் கம்பிச் சுருள், கொண்டி, பூட்டு என்று மூன்று. கோழிக் கூண்டின் கதவை ஒரு பழைய சைக்கிள் டியூபால் இறுக்கியிருந்தோம். பகலிலேயே அதை அவிழ்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

முடிச்சும் பூட்டும்

நைலான் கயிறு மலிவு, மழையில் மக்காது, அதனால் எல்லாக் கொட்டகையிலும் அதுதான். ஆனால் சூடு பட்டால் உருகும். முடிச்சு ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், உருகியது மாட்டின் தோலிலும் ஒட்டும். கழுத்துக்கும் முளைக்கும் இடையிலாவது தேங்காய் நார்க் கயிறோ பருத்திக் கயிறோ போடுங்கள். இரும்புச் சங்கிலி எரியாது, ஆனால் சூடேறினால் கையால் தொட முடியாது. சங்கிலிதான் வேண்டும் என்றால் முளைப் பக்கம் ஒரு முழம் நார்க் கயிற்றால் இணைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்வதாக இருக்க வேண்டும். ஷூ நாடா கட்டத் தெரிந்தவருக்கு இது தெரிந்ததுதான். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, கடைசியில் நுனியை முழுதாக உள்ளே விடாமல், மடித்து வளையமாக நுழைத்து இறுக்க வேண்டும். நுனி ஒரு சாண் வெளியே தொங்கட்டும். சில மாடுகள் அதை நக்கி இழுத்து அவிழ்த்துவிடும். எங்களிடம் இருந்த ஆலம்பாடிக் காளை இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட மாட்டுக்கு மட்டும் நுனியை வளையத்துக்குள் ஒருமுறை சொருகி வையுங்கள். அவிழ்க்கும்போது சொருகலை எடுத்துவிட்டு இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதோடு, கொட்டகைக்கு வெளியே, நுழையும் பக்கத்துக் கம்பத்தில் ஒரு கருக்கரிவாள் தொங்கட்டும். புல்லறுக்க எடுத்தால் சாயங்காலம் அதே ஆணிக்குத் திரும்பி வர வேண்டும். அறுக்கும்போது மாட்டின் கழுத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முளைப் பக்கம் அறுங்கள். மிரண்ட மாடு தலையை எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது.

பூட்டு விஷயத்தில் நமக்கு ஒரு நியாயமான பயம் உண்டு. ஆடு திருடு போகும் காலம், பட்டியைப் பூட்டாமல் விட்டால் காலையில் ஆடு இருக்காது. பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாவி மாமனாரின் இடுப்புக் கயிற்றில் இருக்கக் கூடாது. வீட்டு வாசற்படிக்கு உள்பக்கம் ஒரே ஆணியில் டார்ச்சும் சாவியும் சேர்ந்து தொங்கட்டும். இன்னொரு சாவி பக்கத்துக் கொட்டாயில் இருக்கட்டும். நம்பர் பூட்டு வேண்டவே வேண்டாம், புகையில் யாரும் நம்பர் பார்த்துத் திருகப் போவதில்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவை ஆடுகள் மொத்தமாக வந்து முட்டி மூடிவிடும்.

எங்கிருந்து பிடிக்கிறது

நம் பக்கத்தில் முதல் எதிரி மூட்டம். வேப்பந்தழையும் வறட்டியும் போட்டு மாட்டுக்குப் புகை காட்டுவது நல்ல பழக்கம்தான். கெட்டது, அதைத் தரையில் போட்டுவிட்டுப் படுக்கப் போவது. ஒரு பழைய இரும்புச் சட்டியில் பாதிக்கு மணல் போட்டு அதன்மேல் மூட்டம் போடுங்கள். சட்டி வைக்கோலிலிருந்தும் கூரையிலிருந்தும் நன்றாக விலகி இருக்கட்டும், மாடு உதைத்தாலும் எட்டக் கூடாது. படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலுக்குள் கனல் மறுநாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். அடுப்புச் சாம்பலைக் குப்பைக்குழியில் கொட்டும்போதும் இதை மறக்காதீர்கள்.

அடுத்தது போர். ராகித் தாளோ சோளத்தட்டோ வைக்கோலோ, கொட்டகையை ஒட்டிப் போடுவது கைக்கு வசதி. தீக்கும் அதுவே வசதி. குறைந்தது ஐம்பது அடி தள்ளிப் போடுங்கள். கோடையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போர் இருந்தால் பொறி கொட்டகைப் பக்கம் வராது. மாட்டின் தலைமாட்டில் அன்றைக்கு வேண்டிய தீனி மட்டும் இருந்தால் போதும்.

போர் தானாகவும் பற்றும் என்றால் பலர் நம்புவதில்லை. சரியாகக் காயாத பசுந்தட்டையோ மழையில் நனைந்த தாளையோ அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூட்டைக் கிளப்பும். வெளியே போக வழியில்லாத சூடு ஏறிக்கொண்டே போகும். அடுக்கிய முதல் ஆறு வாரம்தான் கண்டம். வெல்லம் காய்ச்சும் இடத்தில் வருவதுபோலவோ புகையிலை போலவோ வாசனை வந்தால் சந்தேகப்படுங்கள். கடப்பாரையைப் போரின் நடுவே செருகி, கால்மணி நேரம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பாருங்கள். கை தாங்கும் சூடு என்றால் தினம் பார்த்துக்கொண்டே இருங்கள். 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்துக் கட்டம், 80 தொட்டால் உள்ளே எங்காவது கனன்றுகொண்டிருக்கும். கையால் பிடிக்கவே முடியாத சூடு என்றால் போரைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் உள்ளே காற்றுப் போய்ச் சட்டெனச் சுடர் எழும். மாட்டை நகர்த்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் தண்ணீரோடு வந்த பிறகு பிரிப்பதுதான் சரி.

கூரையையும் பாருங்கள். தென்னங்கீற்றும் கரும்புத் தோகையும் பிடித்தால் உங்களிடம் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக எல்லாரும் சிமென்ட் ஷீட்டுக்கு மாறினால் தீர்ந்தது என்றும் இல்லை. அது சூட்டில் படீரென்று வெடித்துத் துண்டுகள் பறக்கும், எரியும் கொட்டகைக்குள் தலையை நீட்டும்போது அது நினைவிருக்கட்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், ஆட்டுக்கு நிழலாகக் கட்டும் பச்சை வலையும் தார்ப்பாயும்தான். அவை உருகி, எரிந்துகொண்டே சொட்டும். சொட்டுவது ஆட்டின் முதுகில்.

கொட்டகை மின்சாரத்தில் நாம் செய்யும் கூத்து தனி. பியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுவது, ஒயரைக் கூரைக் கழியில் ஆணியடித்து இழுப்பது, ஒட்டடையும் தூசியும் படிந்த ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டுவது. ஒயரைப் பைப்புக்குள் விடுங்கள். வீட்டு மெயினில் ஒரு ஆர்.சி.சி.பி போடுங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் அது துண்டித்துவிடும், எலி கடித்த ஒயரால் மாடு ஷாக் அடித்துச் சாவதும் இதனால் குறையும். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்பைப் பலரும் அதன் ஒயரிலேயே தொங்கவிடுகிறார்கள். ஒயர் நழுவினால் பல்பு விழுவது உமியின்மேல். சங்கிலியில் மாட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் வையுங்கள். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிரில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: அந்தக் கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குஞ்சோடு அந்த அறையில் ஆளும் படுக்கக் கூடாது.

மாசி, பங்குனியில் அரூர்ப் பக்கம் கரும்புத் தோகை கொளுத்தும்போதும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காட்டுப் புல் காயும்போதும், தீ வெளியிலிருந்து வரும். கொட்டகையைச் சுற்றிப் பத்தடிக்காவது புல் பூண்டு இல்லாமல் செதுக்கிவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் தோகை கொளுத்தும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், நாள் தெரிந்தால் போதும். அன்று மாட்டை வேறு இடத்தில் கட்டலாம்.

ஊர் வீட்டில் நாய், பூனை, கிளிக்கூண்டு

டவுனில் கயிற்றின் இடத்தில் கிரில் கதவு. குடும்பத்தோடு ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறோம், நாயை மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கட்டிவிட்டுக் கிரில்லைப் பூட்டுகிறோம். அதே மாடிப்படிக்குக் கீழேதான் இன்வெர்ட்டர், மின்சார மீட்டர், இப்போது இ-ஸ்கூட்டர் சார்ஜரும். வண்டி தயாராவதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்றாலும், அதை எங்கே சார்ஜ் போடுவது என்பதில் நாம் இன்னும் கவனமாக இல்லை. லித்தியம் பேட்டரி பற்றினால் புகை கண நேரத்தில் வாசலை அடைத்துவிடும். சார்ஜிங் வாசல் வழியிலும் வேண்டாம், நாய் கட்டும் இடத்திலும் வேண்டாம். எல்லாரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கவும் வேண்டாம். வெளியூர் போனால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா அந்த நாய்க்கு வாரம் ஒருமுறையாவது கையால் ஏதாவது போடட்டும். அறிமுகமில்லாத கையை நம்பி அது வெளியே வராது.

பூனை வெளியே ஓடாது, ஒளியும். கட்டிலடி, பீரோ பின்புறம், பிரிட்ஜ் இடுக்கு என்று உங்கள் பூனைக்கு இரண்டு மூன்று இடம் இருக்கும். தீபாவளி ராத்திரி அது எங்கே போய்ப் பதுங்கியது என்று நினைத்துப் பாருங்கள், தீப்பிடித்தாலும் அங்கேதான். பிடித்தால் தலையணை உறைக்குள் போட்டு வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெறும் கையில் தூக்கினால் பிராண்டிவிட்டுத் திரும்ப உள்ளே பாயும்.

பறவையின் நுரையீரல் புகையைத் தாங்கவே தாங்காது. லவ்பேர்ட்ஸ் கூண்டு சமையலறையில் வேண்டாம். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே காயவிட்டால் வரும் ஆவி மட்டுமே அவற்றைக் கொன்றுவிடும், தீயே வேண்டியதில்லை. (பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு இங்கே யோசனை சொல்லப் போவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம்.) மீன்தொட்டி வைத்திருந்தால் ஒயர் பிளக்குக்கு நேராக இறங்கக் கூடாது. பிளக்கைவிடக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

சாமி விளக்கு ஏற்றும்போது எலியையும் நினைத்துக்கொள்ளுங்கள். நெய்த் திரியை எரிய எரிய இழுத்துக்கொண்டு எலி ஓடும், எலியின் பின்னால் பூனை ஓடும். படுக்கும் முன் விளக்கை மலையேற்றிவிடுங்கள். அதே எலி கேஸ் ட்யூபையும் கடிக்கும். உள்ளே கம்பி வலை உள்ள சுரக்ஷா ட்யூப் போடுங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். தரையில் படுத்திருக்கும் நாய்தான் முதலில் அதற்குள் இருக்கும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, நாயை வெளியே கூட்டிப்போய் 1906க்கு அழையுங்கள்.

தண்ணீரும் முகவரியும்

கொட்டாயில் கிணறும் மோட்டாரும் இருக்கிறது என்ற தைரியத்தில் இருக்காதீர்கள். மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் இருக்குமோ இருக்காதோ. இருந்தாலும் தீப்பிடித்ததும் நீங்கள் முதலில் அணைப்பது மெயினைத்தான். ஆகவே 200 லிட்டர் பேரல் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும், பக்கத்தில் இரண்டு பக்கெட், ஒரு குவியல் மணல், இரண்டு கோணிப்பை.

கொட்டாய்க்குத் தெருப்பெயரும் கதவு எண்ணும் கிடையாது. 101க்கு அழைத்துவிட்டு “எங்க கொட்டாய்ங்க, வாங்க” என்றால் வண்டி எங்கே வரும்? எந்த மெயின் ரோடு, எந்த ஊர் தாண்டி, எந்தப் பள்ளிக்கூடம் அல்லது ரேஷன் கடைக்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும், பாதை எவ்வளவு அகலம் என்று நான்கு வரி எழுதி சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மின்மாற்றியின் எண்ணையும் எழுதுங்கள், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987க்கு அழைத்து லைனை நிறுத்தச் சொல்லும்போது வேண்டும். தீயணைப்பு வண்டி லாரி அளவு. புளியங்கிளையும் கல்வேலியும் பாதையை நெருக்கியிருந்தால் இப்போதே வெட்டிவிடுங்கள்.

அந்த ராத்திரியில் வரிசை

முதலில் கத்தி எழுப்புவது, ஆட்களை எண்ணுவது. எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் மற்றது. ஒருவர் 101 அல்லது 112க்கு அழைக்கட்டும், இன்னொருவர் மெயினை இறக்கட்டும், ஒரு பையன் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓடட்டும். மெயின் இறங்காமல் தண்ணீரை வீசாதீர்கள்.

அதன் பிறகு கொட்டகை. கூரை உங்கள் தலைக்கு மேல் எரியவில்லை, வந்த வழி திறந்திருக்கிறது என்றால் மட்டும் உள்ளே போகலாம். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டால் புகை ஒன்றும் செய்யாது என்பது தப்பு. கரியைக் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள்.

கன்றை முதலில் இழுங்கள், தாய் பின்னால் வரும். எங்கள் மாமா வீட்டில் தலைகீழாகச் செய்தோம். கன்று இல்லாவிட்டால், மேய்ச்சலுக்குப் போகும்போது எது முன்னால் நடக்குமோ அந்த மாட்டை முதலில் விடுங்கள். நெருப்பைப் பார்த்து மிரண்டு நகராத மாட்டின் கண்ணை ஈரக் கோணியால் மூடினால் நடக்கும். ஆட்டுப்பட்டியில் கிடாவையோ மணி கட்டிய ஆட்டையோ இழுத்தால் மந்தை தொடரும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, தானாக வெளியே போகாது. பஞ்சாரத்துக்கு அடியில் சாக்கைத் தள்ளி மொத்தமாகத் தூக்குங்கள். வெளியே வந்தவற்றைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய் மரத்தில் கட்டுங்கள். கொட்டகைப் படலை இழுத்து மூடுங்கள். பழகிய இடம்தான் பத்திரம் என்று மாடு நினைக்கும், திறந்திருந்தால் திரும்பிப் போகும்.

நாய், பூனை உள்ளே மாட்டிக்கொண்டால், வாசலைத் திறந்து வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எந்த அறையில் இருக்கும் என்று தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்கள். நீங்கள் திரும்ப உள்ளே போகாதீர்கள்.

இதையெல்லாம் ஒருமுறை செய்து பார்க்காவிட்டால் ஒன்றும் நடக்காது. தை மாதம் மாட்டுப்பொங்கலன்று புதுக்கயிறு மாற்றுகிறோம் அல்லவா, அன்று இருட்டிய பிறகு வீட்டில் உள்ள பிள்ளைகளைவிட்டு அவிழ்க்கச் சொல்லி நேரம் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை நான்கு நிமிடம். இப்போது நாற்பது நொடி, அதுவும் என் தங்கை மகள் கையில்.

பிறகு

தீக்காயத்தின்மேல் சாதாரணத் தண்ணீரை மெதுவாக, இருபது நிமிடம் போல விட்டுக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம், மருத்துவர் வந்து முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான வேட்டித் துணியை நனைத்துப் போர்த்துங்கள். மூச்சு வாங்கும் மாட்டுக்கு மூங்கில் குழாயில் கஞ்சியோ கஷாயமோ ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லும்.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. மேலுக்குக் காயமில்லாத மாட்டையும் காட்டுங்கள். புகை குடித்ததன் விளைவு ஒன்றிரண்டு நாள் கழித்து இருமலாகவும் சளிக்காய்ச்சலாகவும் வரும். எரிந்த தரையில் நடந்த மாட்டின் குளம்புக்கு மேல் விளிம்பைத் தினம் பாருங்கள், சில நாள் கழித்துக் குளம்பே கழன்றுவிடலாம். மடியும் காம்பும் வெந்திருந்தால் பால் கறக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

மாடு செத்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருத்துவரும் பார்த்து, பிரேதப் பரிசோதனைச் சான்று எழுதட்டும். காதில் உள்ள 12 இலக்க மஞ்சள் அட்டை தெரியும்படி போட்டோ எடுங்கள். காப்பீடு செய்திருந்தால் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். தீயில் அட்டை உருகிப் போகவும் கூடும், அதனால் எல்லா மாட்டின் எண்ணையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாமாவுக்கு அந்த எண் எழுதியிருந்த நோட்டு, கொட்டகைக் கூரையில்தான் சொருகியிருந்தது.